டேப்பில் விழாத பதில்

செப்டம்பர் 28, 1997

என் அம்மா சியாசிக்கு,

உன் பெரியம்மா அகினிசி எழுதுறது. கர்த்தர் கிருபையில நானும் யூசிப்பியும் சின்னவ லிதியாவும் சுகமா இருக்கோம். யூசிப்பிக்கு முட்டிவலி மட்டும் போகல. படகுல ஏறும்போது வலி தெரியாதாம், தண்ணி மொண்டு வரச் சொன்னா மட்டும் தெரியுமாம்.

அம்மான்னு கூப்பிட்டதுக்கு மூக்கைச் சுருக்காத. என்னைப் பெத்தவ பேரை உனக்கு வெச்சிருக்கு, அதனால நீ எனக்கு அம்மாதான். உன்னைப் பெத்த என் தங்கச்சி போனப்பறம் உன் மூக்கை நான் சிந்தி விட்டேங்கறதுக்காக அது மாறிடாது. நீதான் மாண்ட்ரியல் தெக்கத்திக்காரி மாதிரி "அன்புள்ள பெரியம்மா"ன்னே எழுதுற. எழுது, எழுது.

நீ அனுப்பின டேப்பு ரெக்கார்டரும் கேள்வித் தாளும் வந்து சேர்ந்துச்சு. பனிக்கடல் ஓரத்து நம்ம வடக்கு ஊர்க்காரங்களுக்கும் தெக்கு ஊர்க்காரங்களுக்கும் வைத்தியம் ஏன் சமமா கிடைக்கலன்னு படிக்கிறியாமே. அதைப் போய் மாண்ட்ரியல்ல படிக்கணுமா? விமானம் இறங்காத வாரமாப் பாத்து இங்க வந்து பல்வலியோட உக்காரு, பட்டமே கொடுத்துடலாம். பிரசவத்துக்கு மாண்ட்ரியல் அனுப்பின பொம்பளைங்களை எல்லாம் கேக்கணும்னு எழுதியிருக்க. கேக்கறேன். ஆனா அதுக்கு ஈடா நீ எனக்கு ஒண்ணு செய்யணும்.

லிதியா தன் முதல் கையுறையைத் தைச்சு முடிச்சுட்டா. சீல் தோல்ல, தானே வெட்டி. ரெண்டுமே இடது கைக்குத்தான் பொருந்துது, அது வேற விஷயம். முதல் தையல் யாருக்குப் போகணும்? தொப்புள்கொடி அறுத்த சனாஜிக்கு. அவ வாங்கிச் சந்தோஷப்பட்டாத்தான் அந்தப் பிள்ளையோட கை தேறும். எனக்கும் உனக்கும் சனாஜி நாலு வீடு தள்ளி இருந்தாங்க. இவளுக்கு யாரு? பக்கத்து வீட்டுச் சாலி இவளைப் பெத்து என் கையில கொடுத்தாளே, அது மாண்ட்ரியல் ஆஸ்பத்திரியில. அங்க யார் அறுத்தாங்களோ கர்த்தருக்குத்தான் வெளிச்சம். முதல் துணி உடுத்தி விடறவளும் சனாஜி ஆகலாம், அந்த வழியில நானே இருந்துக்கலாம்னா, வளர்க்கிற தாய் எப்படி சனாஜி ஆக முடியும்?

"குடுக்கற வரைக்கும் அடுத்த ஊசி எடுக்க மாட்டேன்"னு உக்காந்திருக்கா. பிடிவாதம் யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு யூசிப்பி கேட்டு என்னையே பாக்கறார்.

அந்த அம்மாவைக் கண்டுபிடி. உன் கையைப் பிடிச்சுக் குலுக்குறேன்.

அகினிசி

———

அக்டோபர் 20, 1997

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். நீங்களும் பெரியப்பாவும் லிதியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இன்னும் பனி விழவில்லை. காப்பிதான் என்னைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். ஒன்பது வருடத்துக்கு முந்தைய பிரசவத்தில் யார் நின்றார்கள் என்று வெளியாளுக்குச் சொல்ல மாட்டார்களாம். "யாராவது புகார் கொடுக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார் மேசைக்காரப் பெண். "இல்லை, கையுறை கொடுக்கப் போகிறோம்" என்றேன். அவர் என்னை மறுபடி உட்காரச் சொல்லவில்லை.

சாலி அக்காவிடம் ஏதாவது அடையாளம் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே என் கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். சுற்றி வளைக்காமல் தாளில் உள்ளபடியே. அன்றைக்குத் தனியாக இருந்தீர்களா, பயமாக இருந்ததா, நம் ஆட்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா, இவ்வளவுதான். என் பேராசிரியை டேப்பில் கேட்டால்தான் ஏற்பார்.

அடாமி உங்களை விசாரித்தான். உங்களுக்கு நினைவிருக்கும், உங்காவா விரிகுடாக் கரைப் பையன், என் வகுப்பு.

சியாசி

———

நவம்பர் 16, 1997

என் அம்மாவுக்கு,

எல்லாரும் சுகம். ஆறு உறைஞ்சு போச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், யூசிப்பி இன்னும் ஸ்கிடூ பனிவண்டியை ஆத்துக்குள்ள முழுக விடல.

வீடு வீடாப் போய்க் கேட்டுட்டேன். காலையில ஊர் ரேடியோவுல ஜெபம் வாசிச்சு முடிச்சதும், "இன்னைக்கு டேப்போட வரேன், வீட்டைப் பெருக்கி வைங்க"ன்னு அறிவிச்சேன். எல்லாரும் பெருக்கி வெச்சிருந்தாங்க. எல்லா வீட்டுலயும் தேநீர். சில வீட்டுல உறைஞ்ச மீன். பிங்கோ நாள்ல மட்டும் போகல, அன்னைக்குக் கேட்டா எவ பதில் சொல்லுவா? நான் ஒரே ஒரு அட்டைதான் வாங்கினேன், கர்த்தர் அறிவார்.

நல்லாப் பதில் சொன்னாங்கம்மா. கண் வைத்தியத்துக்கு அங்க வர்ற நம்ம ஊர்ப் பெரியவர் கிட்ட டேப்புங்களைக் கொடுத்து விட்டிருக்கேன். அவரை விமான நிலையத்துல பாத்துப் பத்திரமா இறக்கு, அவருக்குப் படியே தெரியாது.

சாலி கிட்ட அடையாளம் கேட்டேன். "எல்லாரும் மூஞ்சியில துணி கட்டியிருந்தாங்க"ன்னு சொல்லிட்டுக் குழந்தையோட டயாபரை மாத்தப் போயிட்டா. மறுபடி கேக்கறேன்.

யாரு அந்த அடாமி? எனக்கு நினைவில்ல. நீ முன்னாடி சொன்னதே இல்ல.

கை குலுக்கியாச்சு.

அகினிசி

———

டிசம்பர் 11, 1997

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம்தான். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். பெரியவரை இறக்கிக் கூட்டிப் போய் விட்டேன்.

டேப்புகளைக் கேட்டேன். உங்களைக் கோபித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் என் மேலும் தப்பு. ஒரு டேப்பில் இப்படி இருக்கிறது. நீங்கள்: "தனியாவா இருந்த?" அப்புறம் கெட்டில் கொதிக்கிற சத்தம். நீங்கள்: "அடப் பாவமே. பயமா இருந்துச்சா?" ஒரு நாய் குரைக்கிறது. நீங்கள்: "எனக்குத் தெரியும்டி. நம்ம ஆளு யாராவது இருந்திருந்தா?" கெட்டில். நீங்கள்: "கர்த்தாவே, கர்த்தாவே." கடைசி வரை உங்கள் குரல் மட்டும்தான். எல்லா டேப்பும் இதேதான்.

எல்லாரும் புருவத்தைத் தூக்கி ஆமாம் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு அது பதில். டேப்புக்கு அது ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை, நானும் அப்படி வளர்ந்தவள்தானே. பேராசிரியை எல்லாவற்றுக்கும் நேராக 'பதில் இல்லை' என்று போடச் சொல்கிறார். அப்படிப் போட்டால் வடக்குப் பெண்களுக்குச் சொல்லக் குறை ஒன்றும் இல்லை என்றுதான் படிப்பார்கள்.

தயவுசெய்து இன்னொரு தடவை போக முடியுமா?

யாராவது வந்தால் கொஞ்சம் உறைந்த மீன் தலைகள் கொடுத்து விடுங்கள். இங்கே காப்பி வாசனையே எனக்கு ஆகவில்லை. கூடவே ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: முதல் மாதங்களில் விமானத்தில் போனவர்களுக்கு ஏதாவது தொந்தரவு வந்ததா?

சியாசி

———

ஜனவரி 18, 1998

என் அம்மாவுக்கு,

புது வருஷத்துல கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். எங்களுக்கு இருமல் வந்து போச்சு. நர்ஸ் மாத்திரை கொடுத்தா, யூசிப்பி கெட்டில்ல காட்டுத் தழையைப் போட்டுக் குடிச்சார், ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல சரியாச்சு. இனி அவர் வாயை மூட முடியாது.

உன் கடுதாசியைப் படிச்சுச் சிரிச்சுச் சிரிச்சு மூச்சு முட்டிப் போச்சு. யூசிப்பி சொல்றார், "முப்பது வருஷமா உன் பேச்சு மட்டும்தான் கேக்குது, டேப்பு இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சிருக்கு"ன்னு. அவர் புருவம் வீட்டுக்குள்ள அசைஞ்சே நான் பாத்ததில்ல.

மறுபடி போனேன். இந்தத் தடவை ஹாக்கி ஆட்டத்துக்கு ரேடியோவுல கத்துவானே ஒருத்தன், அவன் மாதிரி. "புருவத்தைத் தூக்கிட்டா! ரெண்டு புருவமும்! நல்ல உயரம்!" பொம்பளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சப்பறம் அழுதாங்க. அழுதப்பறம் வாயைத் திறந்தே பேசினாங்க, அதுவும் டேப்புல இருக்கு. உன் பேராசிரியை போட்டுக் கேக்கட்டும்.

இப்ப சாலி விஷயம். சிரிச்ச சிரிப்புல அவளுக்கு ஞாபகம் வந்துடுச்சு. அவ சொன்னதை அப்படியே எழுதறேன்: "துணி கட்டியிருந்தா, அதனால மூஞ்சி தெரியாது பெரியம்மா. ஆனா நான் புருவத்தைத்தான பாத்துக்கிட்டே இருந்தேன், வேற எதைப் பாக்கறது? கருத்த அம்மா. இடது புருவம் நடுவுல பிளந்திருக்கும், பழைய வடு. புள்ள அழவே இல்ல. 'உயிரோட இருக்கா?'ன்னு நம்ம பேச்சுல கேட்டேன். அந்த அம்மா கத்திரியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்துப் புருவத்தைத் தூக்கினா. அப்பறந்தான் நான் கண்ணை மூடினேன்."

ஒன்பது வருஷமா இதை என்கிட்ட சொல்லலை பாரு. ஏண்டின்னு கேட்டா, "நீங்க எங்க பேச விட்டீங்க"ங்கறா.

பிளந்த புருவம். தேடு.

மீன் தலை அனுப்பியிருக்கேன். சின்ன வயசுல மீன் தலைன்னா மேசைக்கு அடியில ஒளிஞ்சவ நீ. விமானத்தைப் பத்தின அந்தக் கேள்வி பேராசிரியை எழுதினதா, நீ எழுதினதா?

அகினிசி

———

பிப்ரவரி 22, 1998

என் அம்மாவுக்கு,

நாங்க சுகம். உன் சுகம் தெரியல. மூணு விமானம் வந்துட்டுப் போயிடுச்சு, உன் கடுதாசி இல்ல. ரெண்டு தடவை போன் பண்ணினேன், எடுத்தது ஒரு பையன். "நல்லா இருக்கா, தூங்கறா"ன்னான். மத்தியானத்துல.

நான் எதுவும் கேக்கல. ஜெபம்தான் பண்றேன்.

லிதியா கையுறையைத் தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்கறா. தினமும் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து, "அந்த அம்மா கிடைச்சாங்களா?"ன்னு கேக்கறா. தையல் வகுப்புல மத்த பொண்ணுங்க எல்லாம் ரெண்டாவது, மூணாவதுன்னு போறாங்க. இவ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

அகினிசி

———

மார்ச் 15, 1998

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இப்போது நன்றாகவே இருக்கிறேன், நிறையச் சாப்பிடுகிறேன்.

அவரைக் கண்டுபிடித்துவிட்டேன்.

வேறு ஒரு வேலையாக ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது. கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸைத் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. எனக்கு அழுத்தம் ஏறிவிட்டது. "என்னம்மா, இப்போதுதானே சரியாக இருந்தது?" என்று மறுபடி பட்டையைச் சுற்றினார்.

பெயர் மிர்லாந்த். ஹெய்ட்டியில் பிறந்தவர். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த வடுவாம். சாலி அக்காவைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் தாயின் ரத்தப்போக்கை நிறுத்துவதில் இருந்தாராம். கொடியை அறுத்தது இவர்தான்.

ஒன்று சொன்னார். அதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். "அந்தப் பெண் என்னவோ கேட்டாள், எனக்கு அவள் பேச்சு தெரியாது. அந்த நேரம் பார்த்து கையிலிருந்த குழந்தை மூச்சு விட்டது. நான் எதிர்பார்க்கவே இல்லை, ஆச்சரியத்தில் புருவம் தானாக மேலே போயிற்று. அவள் உடனே சிரித்துவிட்டுத் தூங்கினாள். ஏன் சிரித்தாள் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன்." அவர் பதில் சொல்லவே இல்லை, பெரியம்மா. இதை சாலி அக்காவிடம் சொல்லலாமா, வேண்டாமா?

கையுறையை அனுப்புங்கள்.

சியாசி

———

மார்ச் 29, 1998

என் அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! ரேடியோவுலயே சொல்லிட்டேன். யூசிப்பி வாசல்ல நின்னு வானத்தைப் பாத்து ரெண்டு வேட்டுப் போட்டார். போலீஸ்காரன் வந்தான், தேநீர் குடிச்சுட்டுப் போனான்.

சாலி கிட்ட சொல்லிட்டேன். இதுல மறைக்க என்ன இருக்கு? புள்ள உயிரோட இருக்கான்னு கேட்டா. அந்த அம்மா புருவம் மேல போச்சு. புள்ள உயிரோடதான இருந்துச்சு? அப்பறம் அது பதில் இல்லாம வேற என்ன? புருவத்தை அந்த அம்மா தூக்கல, கர்த்தர் தூக்கினார். சாலியும் அதையேதான் சொல்றா, ஆனா கர்த்தரை விட்டுட்டு. "தெரியாமலே சரியாச் சொல்லியிருக்காங்க பெரியம்மா"ன்னா. அப்பறம் ரொம்ப நேரம் லிதியாவோட தலையைச் சீவி விட்டுக்கிட்டே இருந்தா. அவ சீவ, இவ சும்மா உக்காந்திருந்தது அதிசயம்.

பல் வைத்தியத்துக்கு வர்ற பொண்ணு கிட்ட கையுறை வருது. கோணலைச் சரிபண்ணிக் கொடுக்காத, பிரிச்சுத் தைக்காத, இருக்கற மாதிரியே போகணும். அந்த அம்மா போட்டுக்கிட்டுச் சத்தமாச் சந்தோஷப்படணும். முணுமுணுன்னு நன்றி சொன்னாப் பத்தாது. அப்பறம் மிட்டாயை அள்ளி வீசணும், எல்லாரும் பொறுக்கணும். பதிலுக்கு ஏதாவது ஒரு தையல் சாமான் அவ கையால வரணும். மாமரம்னா என்ன, எவ்வளவு உயரம்?

இப்ப நான் கேக்கறேன். பிரசவப் பிரிவுக்கு உனக்கு என்ன வேலை?

அகினிசி

———

ஏப்ரல் 26, 1998

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். உங்கள் நலம் வேண்டுகிறேன்.

கொடுத்தாகிவிட்டது. லிதியாவிடம் வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள்.

மிர்லாந்த் அம்மா இரண்டு கையுறையையும் போட்டுக்கொண்டார். வலது கையில் கட்டைவிரல் வெளிப்பக்கம் நின்றது. "யார் சொன்னது தப்பென்று? எனக்கு வலது கையே அவ்வளவு வேலை செய்யாது!" என்றார். அப்புறம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன், சத்தமாக வேண்டும் என்று. "எவ்வளவு சத்தமாக?" என்றார். "பெரியம்மா காதுக்கு எட்டணும்" என்றேன். அந்த நடைபாதையில் அப்படி ஒரு குலவைச் சத்தம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மிட்டாயை வீசினார். ஒரு டாக்டர் குனிந்து பொறுக்கினார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணும் பொறுக்கினாள். அப்புறம் மிர்லாந்த் அம்மா சுவர் பக்கம் திரும்பி நின்று கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ கொடி அறுத்திருக்கிறாராம், ஒரு குழந்தைகூட திரும்பி வந்து தன்னைத் தேடியதில்லையாம்.

அவர் அம்மாவின் விரலுறை இத்துடன் இருக்கிறது. தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்வது. லிதியாவுக்கு.

பேராசிரியை புது டேப்புகளை உட்கார்ந்து முழுவதும் கேட்டார். நீங்கள் "நல்ல உயரம்!" என்று கத்தும் இடத்தில் சிரித்தார். பின்னால் வந்த அழுகையில் நிறுத்தி, மறுபடி போட்டுக் கேட்டார். 'பதில் இல்லை' எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'ஆம்' என்று போட்டோம். பிரசவத்துக்குத் தெற்கே அனுப்புகிற பெண்ணோடு அவள் ஆள் ஒருவரும் போக வேண்டும், அதற்கு டாக்டர் கையெழுத்துத் தேவைப்படக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதப் போகிறோம்.

மாமரம் நம் தேவாலயத்தைவிட உயரம்.

சியாசி

———

மே 17, 1998

என் அம்மாவுக்கு,

வாத்துங்க வந்தாச்சு. ஊரே காலி, எல்லாரும் வேட்டைக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் வீட்டுல, ஏன்னா போன் மணி அடிச்சா யார் எடுக்கறது?

படிச்சுக் காட்டினேன். மூணு தடவை. குலவை வர்ற இடத்துல நானே குலவை போட்டுக் காட்ட வேண்டியதாப் போச்சு. விரலுறை அவ விரலுக்குப் பெருசு, துணி சுத்தி மாட்டிக்கிட்டு அன்னைக்கே ஊசி எடுத்துட்டா. என்ன தைக்கறான்னு கேளு. காலுறை. என் கட்டைவிரல் நுழையற அளவு. "யாருக்குடி இவ்வளவு சின்னது?"ன்னு கேட்டேன். தோளைக் குலுக்கறா. உன் போட்டோவைப் பாக்கறா. பிள்ளைங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுடுது.

நீ எல்லாத்துக்கும் பதில் எழுதின, மாமரத்துக்குக்கூட. ஒண்ணே ஒண்ணுக்கு எழுதல.

நான் ஜெபக்காரிதான். கல்யாணம் முன்னயா பின்னயான்னு கணக்குப் பாக்கறவதான். அதுக்காக நீ என்கிட்ட பயப்படுவியா? ஆகஸ்ட்ல பாதிரியார் கப்பல்ல வர்றப்ப அதையும் முடிச்சுக்கலாம், கர்த்தருக்கு அவசரம் இல்ல. எனக்குப் பிள்ளை இல்ல. தங்கச்சி உன்னைக் கொடுத்துட்டுப் போனா, சாலி இவளைக் கொடுத்தா. ரெண்டு பேரையும் வளத்தேன். ரெண்டு பேர் கொடியையும் வேற யாரோதான் அறுத்தாங்க. இந்தக் கை இன்னும் யாருக்கும் சனாஜி ஆகல. இதைக் குறையா எழுதல, சும்மா எழுதறேன்.

அம்மா, உண்டாயிருக்கியா?

அகினிசி

———

ஜூன் 3, 1998

என் மகள் அகினிசிக்கு,

உன் அம்மா நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும், யூசிப்பி இன்னும் அலுத்துக்கொள்கிறார் என்றால் நீ நலம்தான்.

உன் கேள்வியைப் படித்தேன். படித்த இடத்திலேயே, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, புருவத்தைத் தூக்கினேன். இரண்டு புருவமும். நல்ல உயரம். அடாமி பார்த்துவிட்டு, "யாருக்கு ஆமாம் சொல்ற?" என்றான். "என் மகளுக்கு" என்றேன்.

முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பிப்ரவரியில் கொஞ்சம் பயந்து போயிருந்தேன், தங்குமா தங்காதா என்று. நல்லபடியாகத் தங்கிவிட்டது. டாக்டரும் மிர்லாந்த் அம்மாவும் பார்த்துவிட்டார்கள். ஜூலைக் கடைசி. நம் பெண்கள் நடத்துகிற பிரசவ வீடு பக்கத்து ஊரில் இருக்கிறதே, அங்கே பெறலாம், சிக்கல் உள்ளவர்கள்தான் மாண்ட்ரியல் போக வேண்டும், எனக்குத் தடை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் விமானம் ஏறி அங்கே வந்துவிடுவேன்.

அம்மாவாகச் சொல்கிறேன், மகள் மறுக்கக் கூடாது. நீ அங்கே வா. கத்திரி உன் கையில் இருக்க வேண்டும்.

உன் கையைப் பிடித்துக் குலுக்குகிறேன். அந்தக் கையைத்தான்.

சியாசி

———

ஜூன் 14, 1998

அம்மா,

சுகம்.

கடுதாசியை யூசிப்பிதான் படிச்சார், எனக்குப் பாதியில கண்ணு தெரியாமப் போச்சு. அதுல இருந்து நான் ஒரு வார்த்தை பேசலையாம். அவர் பயந்து போய் நர்ஸைக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். அவ நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டு, "என்ன ஆச்சு, சியாசி பிரசவத்துக்குப் போறீங்களா அகினிசி?"ன்னு கேட்டா. அவளுக்கும் புருவத்தாலதான் பதில் சொன்னேன்.

லிதியா ரெண்டாவது காலுறையை முடிச்சுட்டா. இந்தத் தடவை ஒண்ணு வலது, ஒண்ணு இடது.

பெட்டி கட்டியாச்சு. மூட்டம் கலைஞ்சதும் விமானம் வருமாம். நான் பெட்டி மேலயே உக்காந்து புருவத்தைத் தூக்கிக்கிட்டு இருக்கேன். அங்க வந்து இறங்கற வரைக்கும் இறக்க மாட்டேன்.

உன் மகள்